அக்கராயனில் அவித்த சோளம்

வன்னிக்குப் பிரயாணம் செய்வோர் பெரும்பாலும் ஏ9 வீதியை விட்டு விலகுவதில்லை. ஆனையிறவின் உப்புக்காற்றை நுகர்ந்து, பரந்தனையும் கிளிநொச்சியையும் பேருந்தின் சாளரத்தினூடே பார்த்துவிட்டு, முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, சுடச்சுடக் கச்சான் வாங்கிக்கொண்டு மீண்டும் ஏறிவிடுவர். வன்னியின் மெய்யான முகத்தைக் காண விரும்புவோர் அவ்விடத்தில் மேற்கே பிரியும் வீதியிற் செல்லுதல் வேண்டும். அவ்வீதி அக்கராயனுக்குச் செல்வது.

கடந்த தைப்பொங்கலுக்கு முதல்நாள் நாம் அவ்வீதியிற் சென்றோம். எமது தாய்மாமனார் அங்கு வாழ்கிறார். வயது எழுபதை அண்மித்துவிட்டது. இன்றும் வயலுக்குப் போகாத நாள் இல்லை. அவரைக் கண்டுவருதல் ஒரு நோக்கம். மற்றொரு நோக்கத்தையும் வாசகர்களிடம் மறைக்க வேண்டியதில்லை. அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே எமக்கு நீரிழிவு இருப்பதாக வைத்தியர் கூறியிருந்தார். மாமனாரோ பல ஆண்டுகளாக அந்நோயுடன் வாழ்ந்து வருபவர். 'சீனி வருத்தம்' என்று நம்மவர் எளிதாகச் சொல்லிவிடும் அந்நோயை அவர் எவ்வாறு சமாளிக்கிறார் என்று அறியும் ஆவல் எமக்கு இருந்தது.

குளமும் ஊரும்

அக்கராயன் என்ற சிற்றரசன் ஆண்ட நிலம் இதுவென்பது ஊரார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. அவனுக்குச் சிலையும் எடுத்திருக்கின்றனர். ஆயினும் இன்று இவ்வூரை ஆளுவது அக்கராயன்குளமே. மாரி மழையில் நிறைந்து கிடந்த குளத்தின் அணைக்கட்டில் நின்று பார்த்தால், ஒருபுறம் வானத்தைத் தாங்கிய நீர்ப்பரப்பு. மறுபுறம் கதிர் முற்றித் தலைசாய்ந்த காலபோக நெல். ஒரு காலத்தில் கரும்புத் தோட்டமாக விளங்கிய நிலமும் இவ்வூரில் உண்டு என்பதை நீரிழிவுக்காரராகிய நாம் சிறு புன்னகையோடு நினைத்துக்கொண்டோம்.

இவ்வமைதி எளிதிற் கிடைத்ததன்று. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் போர் இவ்வூரை விழுங்கியது. மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கிழக்கு நோக்கிப் பெயர்ந்தனர். 2009இல் எஞ்சியோர் செட்டிகுளத்து முகாம்களை அடைந்தனர். மாமனாருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்ததும் அம்முகாமிலேதான். ஊர் திரும்பியபோது வீடு இல்லை, கிணறு தூர்ந்திருந்தது, தென்னைகள் தலையிழந்து நின்றன. முதலில் அவர் நட்டது மரமன்று. கொட்டில் போட்ட கையோடு, மேட்டுக்காணியில் ஒரு பிடி சோளம் ஊன்றினாராம். எண்பது நாளில் வயிற்றுக்கு ஏதேனும் தரக்கூடிய பயிர் அதுவே என்பது அவரது கணக்கு. அன்றுமுதல் எந்த மாரியிலும் அம்மேட்டில் சோளம் இல்லாதிருந்ததில்லை. 2018ஆம் ஆண்டின் இறுதியில் படைப்புழு இலங்கையின் சோளச் செய்கையைப் பாழாக்கியபோதும், குருத்துக் குருத்தாகப் பிரித்துப் புழுவைப் பொறுக்கி நசுக்கியதாகக் கூறினார்.

பேப்பரில் வந்த மருந்து

நாம் போய்ச் சேர்ந்த மாலையில், மாமி ஆவி பறக்கும் சோளப்பொத்திகளை ஒரு சுளகில் கொண்டுவந்து வைத்தார். மாமனார் தமது பங்காக மூன்று பொத்திகளை எடுத்துக்கொண்டார். நாம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினோம்.

"ஏன் தம்பி யோசிக்கிறாய்? இது எங்கட வருத்தத்துக்கு மருந்தெல்லே! பேப்பரிலயே போட்டிருக்கு" என்றார் மாமனார்.

மாமி உள்ளே சென்று, பஞ்சாங்கத்துக்குள் மடித்து வைத்திருந்த ஒரு கடதாசியை எடுத்துவந்து தந்தார். தமிழ்நாட்டுச் சஞ்சிகை ஒன்றிலிருந்து வெட்டி எடுத்த பக்கம் அது. நீரிழிவுக்காரர் அரிசியைக் குறைத்துச் சோளம், கேழ்வரகு முதலிய தானியங்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அப்பக்கத்தை நம்பி மாமனார் ஒவ்வொரு மாலையும் மூன்று பொத்திகள் உண்டு வந்திருக்கிறார். அதுவும் மத்தியானச் சோற்றில் ஒரு பிடியும் குறைக்காமல்.

எமக்குச் சட்டென ஓர் ஐயம் எழுந்தது. தமிழ்நாட்டார் சோளம் என்பது நாம் சோளம் என்பதன்று. அவர்கள் அச்சொல்லால் குறிப்பது சிறு மணிகளைக் கொண்ட தானியத்தை. அதனை நாம் இறுங்கு என்போம். நாம் பொத்தியாக அவித்து உண்பதை அவர்கள் மக்காச்சோளம் என்பர். இம்மயக்கத்துக்குக் காரணம் உண்டு. பொத்திச்சோளம் நமது பழைய பயிரன்று. ஏறக்குறைய 9000 ஆண்டுகளுக்கு முன்னர் மெக்சிக்கோ நாட்டவர் ஒரு காட்டுப் புல்லினத்திலிருந்து உருவாக்கிய பயிர் அது. 1492இல் கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்ததன் பின்னரே உலகின் பிற பாகங்களுக்குப் பரவிற்று. புதிதாக வந்த பயிருக்குத் தமிழ்நாட்டார் அடைமொழி சேர்த்து வேறுபடுத்தினர். நாமோ பழைய பெயரையே புதியவருக்குக் கொடுத்துவிட்டோம். ஒரே மொழி, ஒரே சொல், இரண்டு தானியங்கள்! சொல்மயக்கம் புலவருக்கு விளையாட்டாக இருக்கலாம். நோயாளிக்கு அது விளையாட்டன்று.

எனினும் இறுங்கு என்றே கொண்டாலும் அது மருந்தாகிவிடாது. அதுவும் மாப்பொருள் நிறைந்த தானியமே. அரிசிக்குப் பதிலாகச் சேர்ப்பது வேறு. அரிசியோடு மேலதிகமாகச் சேர்ப்பது வேறு. அப்பக்கத்தை எழுதியவர் கூறியது முன்னையது. மாமனார் செய்தது பின்னையது.

கருவி சொன்ன சாட்சி

வாதத்தால் வெல்லக்கூடியவர் அல்லர் எம் மாமனார். அவருடைய மகன் கனடாவிலிருந்து அனுப்பிய, விரல்நுனி இரத்தத்தில் சீனியை அளக்கும் கருவி ஒன்று அலுமாரியில் உறங்கிக்கொண்டிருந்தது. மூன்று பொத்திகளும் உண்டு இரண்டு மணித்தியாலங்கள் ஆனபின் அளந்து பார்த்தோம். கருவி 247 என்று காட்டிற்று. உணவின் பின் இரண்டு மணித்தியாலத்தில் 180க்குக் கீழ் இருத்தல் வேண்டும் என்பது பலருக்கும் வைத்தியர் கூறும் எல்லை.

"நான் இப்ப சோறு தின்னேல்லையே, சீனி ஒரு துளியும் போடேல்லையே!" என்று மாமனார் திகைத்தார்.

கல்லூரியில் உயிரியல் கற்பிக்கும் எமக்கு இது நன்கு பழகிய பாடம். இனிக்காதது எல்லாம் சீனி தராதது அன்று. சோளமணியில் உள்ள மாப்பொருள் குடலிற் சமித்துக் குளுக்கோசாகவே இரத்தத்தைச் சேர்கிறது. அவித்த சோளமணி 100 கிராமில் ஏறக்குறைய 21 கிராம் காபோவைதரேற்று உண்டு. நடுத்தரமான ஒரு பொத்தியிலிருந்து கிடைக்கும் மணி ஏறத்தாழ அவ்வளவே. ஒரு கோப்பைச் சோற்றில் சுமார் 45 கிராம். ஆகவே மூன்று பொத்தி உண்பவர் ஒரு கோப்பைச் சோற்றுக்கும் மேலாகவே உண்டவராகிறார்.

இதைக் கேட்டதும் மாமி, "அப்ப இனி இந்த வீட்டில சோளம் அவிக்க மாட்டன்" என்றார். அச்சொல்லே எம்மை அதிகம் அஞ்சச் செய்தது. ஏனெனில் ஒன்றை மருந்தென்று அளவின்றி உண்பதும், அதையே நஞ்சென்று அடியோடு ஒதுக்குவதும் ஒரே தவற்றின் இரு முனைகள்.

அணைக்கட்டில் ஒரு விடியல்

அப்போதுதான் மாமனார் அதுவரை எவருக்கும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். ஒரு மாதத்துக்கு முன்னர், கிளினிக்கில் சீனி கூடிவிட்டது என்று கூறியதால் மாமி ஓர் இரவு சோற்றை முற்றாக நிறுத்திவிட்டாராம். மாமனார் வெறும் கீரையும் மோரும் உண்டு, வழக்கமான மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கியிருக்கிறார். விடியற்காலை அணைக்கட்டில் நடந்து போனபோது உடல் வியர்த்துக் கை நடுங்கிக் கண் மங்கிற்று. நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் பார்க்க வந்த அயலவர் ஒருவர் ஓடிப்போய்ச் சீனி கரைத்துக் கொண்டுவந்து பருக்கியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே நெஞ்சு பதறுகிறது. கையில் அவித்த பொத்தி ஒன்று இருந்ததாம், அதைக் கடித்துப் பார்த்தாராம், விழுங்க முடியவில்லையாம்.

மாமி முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதார். நாமும் சிறிது நேரம் பேசவில்லை.

இவ்விடத்தில் வாசகர்கள், சிறப்பாக நோயாளி உள்ள வீட்டு மாணவர்கள், ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். சில மாத்திரைகளும் இன்சுலினும் உணவை எதிர்பார்த்து வேலை செய்பவை. உணவை மட்டும் குறைத்து மருந்தை அப்படியே எடுத்தால் இரத்தத்தில் குளுக்கோசு அபாயமாக வீழ்ந்துவிடும். 70க்குக் கீழே போனால் உடனே 3 அல்லது 4 தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடத்தின் பின் மீண்டும் அளந்து பார்த்தல் வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது; வைத்தியசாலைக்கே விரைய வேண்டும். சோளமோ பாணோ அவ்வேளைக்கு உதவா. அவை மெல்லச் சமிப்பவை என்பது மற்ற நேரத்தில் நன்மை. அந்த நேரத்தில் அதுவே தீமை. உணவுமுறையை மாற்ற விரும்பினால் வைத்தியரிடம் கூறி மருந்தின் அளவையும் சரிபார்த்துக்கொள்வதே அறிவுடைமை.

பேத்தியின் பாடம்

மறுநாள் முற்றத்தில் பொங்கல் பொங்கிற்று. மாமனாரும் நாமும் சூரியனுக்குப் படைத்த சர்க்கரைப் பொங்கலில் ஒரு கரண்டி மட்டும் பிரசாதமாக ஏற்றோம். மத்தியானம் மாமி எமது வேண்டுகோளின்படி உணவு பரிமாறினார். இலையில் பாதிக்கு முருங்கையிலை வறையும் பயற்றங்காயும் கத்தரிக்காயும். கால்வாசிக்குப் பருப்பும் கடலையும். எஞ்சிய கால்வாசியில் வழக்கத்தின் பாதியளவு சோறும், உதிர்த்த ஒரு பொத்திச் சோளமும். உண்ணுமுன் 138 இருந்த அளவு இரண்டு மணித்தியாலத்தின் பின் 171 ஆயிற்று. ஒரு மனிதரின் ஒரு நாள் அளவை எல்லோருக்கும் பொதுவிதியாகக் கொள்ளலாகாது. ஆயினும் மாமனார் அந்த எண்ணைக் கண்டு சிறுபிள்ளைபோல் மகிழ்ந்தார். மறுக்கப்பட்டது சோளமன்று, மூன்றாவது பொத்தியே என்று அவருக்கு விளங்கிற்று.

கிளிநொச்சியிலிருந்து பொங்கலுக்கு வந்திருந்த அவரது பேத்தி உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் கற்பவள். "மாமா, சோளத்திலயிருந்து வாற மற்றச் சாமானெல்லாம் எப்பிடி?" என்று கேட்டு, சமையலறைத் தட்டிலிருந்த பொதிகளையெல்லாம் கொணர்ந்து திண்ணையில் அடுக்கினாள். நாமும் அவளும் ஒவ்வொன்றாக வாசித்தோம்.

முதலாவது கோர்ன்பிளேக்ஸ். 1906இல் அமெரிக்காவில் கெலொக் என்பவர் இதனைத் தொழிலாகத் தொடங்கிய நாள்முதல் இது ஆரோக்கிய உணவு என்ற பெயரோடேயே உலகை வலம்வருகிறது. எமக்கு நோய் கண்டபோது நண்பர்கள் முதலிற் பரிந்துரைத்ததும் இதுவே. ஆனால் மணியின் உமித்தோலும் முளையும் நீக்கி, அவித்து, தட்டையாக்கி, வறுத்தெடுக்கும்போது மாப்பொருள் மிக விரைவில் சமிக்கும் நிலையை அடைகிறது. உணவு எவ்வளவு வேகமாகக் குளுக்கோசை உயர்த்துகிறது என்பதைக் காட்டும் கிளைசீமியச் சுட்டெண்ணில் தூய குளுக்கோசு 100 எனின், அவித்த சோளம் 50க்கும் 60க்கும் இடையில் நிற்கிறது. கோர்ன்பிளேக்ஸோ 80ஐ ஒட்டி நிற்கிறது. ஒரே மணி, தொழிற்சாலைக்குப் போய்வந்தவுடன் வேறு குணம் பெற்றுவிட்டது.

இரண்டாவது கோர்ன்பிளவர். பெயரைக் கண்டு இதனைச் சோளமாவென்று பலர் எண்ணுகின்றனர். இது மணியிலிருந்து பிரித்தெடுத்த மாப்பொருள் மட்டுமே. நூற்றுக்கு 90 பங்கு காபோவைதரேற்று, நாரோ புரதமோ இல்லையென்றே சொல்லலாம். குழம்பைத் தடிப்பாக்க ஒரு தேக்கரண்டி போடுவதால் உலகம் கவிழ்ந்துவிடாது. நீரிழிவுக்காரருக்குக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுப்பது தவறு. முழு மணியை உரலிலோ ஆலையிலோ அரைத்த மா வேறு. அதில் தோலின் நார் இருக்கும். அதைக் கொண்டு பிட்டு அவித்தாலும் அளவு மறவாதிருத்தல் வேண்டும்.

மூன்றாவது தகரப்பேணியில் அடைத்த சோளம். உப்பு நீரில் அடைத்ததாயின் வடித்து, நன்கு கழுவி உண்ணலாம். பாலாடைபோல் குழைத்து அடைத்ததில் சீனியும் மாவும் சேர்ந்திருத்தல் கூடும். பேணியின் மேலுள்ள எழுத்தை வாசித்தே வாங்க வேண்டும்.

நான்காவது சோளப்பொரி. எண்ணெயும் சீனியும் இன்றிப் பொரித்தால் இது எமக்கு நல்ல நண்பன். காற்றடைத்துப் பெருத்த ஒரு கோப்பையில் சுமார் 6 கிராம் காபோவைதரேற்றே உண்டு. தோலும் கூடவே வருவதால் நாரும் கிடைக்கிறது. திருவிழாவில் சிவப்புச் சாயமும் சீனிப்பாகும் பூசி விற்பது வேறு கதை.

ஐந்தாவது, பொதியில் பெயரின்றி மறைந்து வருவது. சோள மாப்பொருளை நொதியங்களால் உடைத்துச் செய்யும் சோளப்பாகு, பிஸ்கட்டிலும் குளிர்பானத்திலும் சோஸ் வகைகளிலும் கலந்திருத்தல் கூடும். மூலம் சோளமாயினும் அது சீனியே. சோள எண்ணெயில் காபோவைதரேற்று இல்லை. அதனால் சீனியை அது உயர்த்தாது. ஆயின் எந்த எண்ணெயும்போல் ஒரு கிராமுக்கு 9 கலோரி தருவது. ஊற்றும் கைக்கு அளவு வேண்டும்.

பேத்தி இன்னொன்றும் கேட்டாள். பாடசாலைக் காலத்தில் தங்கைக்குக் கிடைத்த திரிபோஷாவும் சோளத்தாற் செய்ததுதானே, தாத்தாவுக்குக் கொடுக்கலாமா என்று. சோளமும் சோயாவும் சேர்த்து 1973 முதல் இந்நாட்டில் வழங்கப்பட்டுவரும் அவ்வுணவு கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த குழந்தைகளுக்கும் உரியது. தாத்தாவின் பங்கு அதில் இல்லை என்றோம். அவள் சிரித்துக்கொண்டே தாத்தாவின் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி வைத்தாள்.

அளவே அருமருந்து

சோளத்தைத் தெய்வமாகப் போற்றிய மெக்சிக்கோ நாட்டுப் பழங்குடியினர் அதனைச் சுண்ணாம்பு நீரில் அவித்தே உண்டனர். அவரையையும் பூசணியையும் கூடவே பயிரிட்டனர். சோளத்தை மட்டும் கொண்டுபோய், அவர்களுடைய பக்குவத்தை விட்டுச்சென்ற நாடுகளில் ஏழை மக்கள் பெலகிரா என்ற குறைநோயால் மாண்டனர். சுண்ணாம்பு நீரில் அவித்தால்தான் சோளத்திலுள்ள நயாசின் என்ற விற்றமின் உடலுக்கு எளிதிற் கிட்டும் என்பது பின்னரே தெரிந்தது. அது நீரிழிவோடு தொடர்புடைய கதையன்று. ஆயினும் ஓர் உணவை அதன் பக்குவத்திலிருந்தும் துணையிலிருந்தும் பிரித்து, தனியே உயர்த்தவோ தாழ்த்தவோ கூடாது என்பதற்கு அது நல்ல சான்று.

இன்று இலங்கையில் இந்நோய் எவர் வீட்டுக்கும் அந்நியமன்று. 2005–2006ஆம் ஆண்டு ஆய்வில் வயதுவந்தோரில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு இருந்த நோய், 2018–2019ஆம் ஆண்டு ஆய்வில் ஐந்தில் ஒருவருக்கு மேற்பட்டோரிடம் காணப்பட்டது. இந்நிலையில் ஒவ்வொரு வீட்டிலும் யாரேனும் ஒருவர் பொதியின் எழுத்தை வாசிக்கவும், ஒரு பொத்தியின் கணக்கை அறியவும் கற்றிருத்தல் நன்று. பெரும்பாலும் அது அவ்வீட்டு மாணவராகவே இருப்பார்.

பட்டிப்பொங்கல் முடிந்த மறுநாட்காலை நாம் விடைபெற்றோம். மாமி ஓர் உரப்பை நிறையப் பொத்திகளைக் கட்டி வைத்திருந்தார். நாம் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டோம். "மற்றதைப் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குக் குடு தம்பி, அதுகளுக்கு என்ன சீனியே!" என்று மாமனார் பையை முழுதாக எமது தோளிலேயே ஏற்றிவிட்டார்.

இரு வாரங்களின் பின் தொலைபேசியில் பேசினார். கிளினிக் நாளன்று அணைக்கட்டில் நடந்ததை வைத்தியரிடம் மறைக்காமற் சொன்னாராம். வைத்தியர் இரவு மாத்திரையைக் குறைத்து, இனி இராச்சாப்பாட்டைத் தவறவிடக்கூடாது என்று கூறினாராம். "இப்ப மத்தியானம் ஒரு பொத்தி, சோறு பாதி, மடியில எப்பவும் ஒரு சரை சீனி" என்றார். பின்னர் சற்றுக் குரலைத் தாழ்த்தி, "மேட்டில இந்த முறை கொஞ்சம் இறுங்கும் போட்டுப் பாப்பமெண்டு நினைக்கிறன்" என்றார்.

அடுத்த தைக்கு அதையும் பார்த்துவர எண்ணியிருக்கிறோம்.